மழைக்காட்டுல விஷப்பாம்பு பாக்கப் போறீங்களா? கொழும்பில இருந்தே தொடங்குங்க

கம்பஸில விலங்கியல் படிக்கிற பிள்ளைகள், கேமராவும் கையுமாத் திரியிற ஆக்கள், ஏதோ ஒரு ரிசர்ச்சுக்கு உதவிக்கெண்டு முதல் தடவை காட்டுக்குப் போகப் போறவங்க எண்டு வருசத்துக்குக் கொஞ்சப் பேர் என்னட்ட வந்து கேக்கிற கேள்வி ஒண்டுதான், "அண்ணா, பாம்ப எப்படித் தேடுறது?" நான் வெள்ளவத்தையில பிறந்து வளந்த ஆள், இருபது வயசு வரைக்கும் எனக்குப் பாம்பெண்டா தெஹிவளை ஸூவில கண்ணாடிக்கு அங்கால சுருண்டு கிடக்கிறதுதான், அதுக்குப் பிறகு சிங்கராஜா, கன்னெலிய எண்டு தென்மேற்கு மழைக்காடுகளுக்கு லீவு கிடைக்கிற நேரமெல்லாம் போய்ப் போய் எனக்குப் பிடிபட்டது என்னெண்டா தேடுறது ரெண்டாவது வேலை, முதல் வேலை நிக்கப் பழகிறது. எங்க கால் வைக்கிறம், எங்க கை ஊண்டுறம், எங்க குந்துறம் எண்டு ஒவ்வொரு தடவையும் பாத்துட்டுச் செய்யிற ஆளுக்குப் பாம்பு தன்பாட்டில தெரியத் தொடங்கும், கடிபடுற வாய்ப்பும் நல்லாக் குறையும்.

இது பாக்கிறதுக்கான வழிகாட்டி. பிடிக்கிறது எப்படியெண்டு இதில ஒரு வரியும் வராது.

முதல்ல ஆளை அறிஞ்சு வையுங்க

இலங்கையில நூறுக்கு மேல பாம்பு இனம் இருக்கு, அதில மனுசருக்கு உயிராபத்து வரக்கூடிய தரைப்பாம்பு விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். தென்மேற்கு மழைக்காட்டுக்குள்ள நீங்க உண்மையா சந்திக்கப் போறது பெரும்பாலும் மூண்டு பேரை.

முதலாவது ஆள் குனகட்டுவா, ஒரு சின்னக் குழிவிரியன், இது சிங்களப் பேர், பொலொன் தெலிஸ்ஸா எண்டும் சொல்லுவாங்க. ஒரு அடி, மிஞ்சினா ஒன்றரை அடி, மண்ணிறம், முக்கோணத் தலை, மூக்கு நுனி கொஞ்சம் மேல வளைஞ்சு நிக்கும். காஞ்ச இலைக்குள்ள சுருண்டு கிடந்தா அது இன்னொரு காஞ்ச இலைதான், ரெண்டடி தூரத்தில நிண்டும் நான் காணாம விட்டிருக்கிறன். நம்மட நாட்டில விஷப்பாம்புக் கடி கூடுதலா நடக்கிறது இந்தச் சின்னப் பாம்பாலதான், ஆனா புதுசா வாற ஆக்கள் எல்லாரும் பயப்பிடுறது நாகத்துக்கு. குனகட்டுவாவில மூண்டு இனம் இருக்கு, 2009ஆம் ஆண்டுதான் அந்த மூண்டையும் ஒழுங்காப் பிரிச்சு எழுதினாங்க, ரெண்டு இனம் இலங்கையைத் தவிர வேற எங்கயும் இல்ல.

ரெண்டாவது பலா பொலங்கா, பச்சைக் குழிவிரியன். பச்சை உடம்பில கறுப்பால கோலம் போட்ட மாதிரி இருக்கும், இதுவும் நம்மட நாட்டுக்கு மட்டும் சொந்தம். மரத்தில, பத்தையில, ஓடைக் கரையில இடுப்பு உயரத்தில இருந்து முக உயரம் வரைக்கும் கொடியைச் சுத்திக்கொண்டு அசையாம இருக்கும். கண்ணுக்கும் மூக்குத் துவாரத்துக்கும் நடுவில ஒரு குழி இருக்கும், குனகட்டுவாவுக்கும் அது இருக்கு, அதாலதான் இருட்டில எலியோட உடம்புச் சூட்டை உணருது. உங்கட கையோட சூட்டையும் அப்படித்தான் உணரும்.

மூண்டாவது முது கரவலா, இலங்கைக்கே உரிய கட்டுவிரியன் வகை. கறுப்பில வெள்ளை வளையம், இரவில நடமாடும், மத்தப் பாம்புகள், அரணை, பல்லி எல்லாம் தின்னும். காண்கிறது அபூர்வம், கண்டா மிகக் கவனம்.

நாகமும் கண்ணாடி விரியனும் காட்டோட நடுவில இல்ல, ஓரத்தில, தேயிலையும் ரப்பரும் வயலும் ஊரும் காட்டைத் தொடுற இடத்தில. நீங்க தங்கப் போற வீடு பெரும்பாலும் அந்த ஓரத்திலதான் இருக்கும், ஆகவே அவையளையும் மறக்கக் கூடாது.

பேர் விசயத்தில தமிழ் ஆக்களுக்கு ஒரு சிக்கல் இருக்கு, இத யாரும் சொல்லித் தாறதில்ல. நாங்க கண்ணாடி விரியன் எண்டும் சொல்றம், கட்டுவிரியன், எட்டடி விரியன் எண்டும் சொல்றம், ஒரே "விரியன்" எண்ட பேரில ரெண்டு வேற குடும்பம். கண்ணாடி விரியன், யாழ்ப்பாணப் பக்கம் புடையன் எண்டு சொல்றது, உண்மையான விரியன், கடிச்சா வீங்கும், ரத்தம் உறையாது, கிட்னியைத் தாக்கும். கட்டுவிரியன் நாகத்தோட சொந்தக்காரன், கடிச்ச இடத்தில வலியே இல்லாமலும் இருக்கலாம், நரம்பைத் தாக்கி மூச்சை நிப்பாட்டும். இதில நீங்க "விரியன் கடிச்சிட்டுது" எண்டு மட்டும் சொன்னா கேக்கிறவருக்கு எது எண்டு விளங்காது. காட்டில வழிகாட்டிகள் எல்லாரும் சிங்களத்தில பேசுறவங்க, அதால சிங்களப் பேரையே பாடமாக்கிக்கொண்டு போங்க: நயா நாகம், தித் பொலங்கா கண்ணாடி விரியன், தெல் கரவலா சாதாரண கட்டுவிரியன், கெரண்டியா சாரைப்பாம்பு, பிம்புரா மலைப்பாம்பு. மலைப்பாம்புக் குட்டியையும் கண்ணாடி விரியனையும் மாறி நினைக்கிறது அடிக்கடி நடக்கிற பிழை, படத்தில ரெண்டையும் பக்கத்தில வச்சுப் பாத்துப் பழகுங்க.

கொழும்பில ஒரு மாசம் பயிற்சி

நேரா சிங்கராஜாவுக்கு ஓடாதீங்க. தெஹிவளை ஸூவோட ஊர்வன பகுதிக்கு ஒரு கிழமை நாளில, சனம் இல்லாத நேரத்தில போய் ஒரே கண்ணாடிக்கு முன்னால அரை மணித்தியாலம் நில்லுங்க, பாம்பு மூச்சு விடுறது எப்படி, நாக்கு எப்ப வருது, கழுத்து எப்ப எஸ் மாதிரி மடியுது எண்டு பாருங்க. பிறகு பெத்தகானா, தியசரு, தலங்கம எண்டு பத்தரமுல்லைப் பக்கம் இருக்கிற சதுப்பு நிலங்களுக்குப் போங்க, 2018இல கொழும்புக்கு ராம்சார் எண்ட உலக ஈரநில உடன்படிக்கையால ஈரநில நகரம் எண்ட அங்கீகாரம் கிடைச்சதே இந்த மாதிரி இடங்களாலதான். அங்க சாரை, தண்ணிப்பாம்பு, கபரகொய்யா எல்லாம் காணலாம்.

அங்க பழக வேண்டியது ஒரு நடை. பத்தடி நட, நில்லு. காலடியில இருந்து முன்னால ரெண்டு மீட்டர் வரைக்கும் தரையைப் பாரு, பிறகு முழங்கால் உயரம், பிறகு இடுப்பு, பிறகு முகம், பிறகு தலைக்கு மேல. பாத்து முடிஞ்சா அடுத்த பத்தடி. முதல் நாள் விசர் பிடிக்கும், நூறு மீட்டர் போக அரை மணித்தியாலம் எடுக்கும், ரெண்டாவது கிழமையில கண் தானா அந்த ஒழுங்கில போகத் தொடங்கும். இன்னொண்டு, நடக்கேக்க போன் பாக்காம இருக்கிற பழக்கமும் இங்கயே வரோணும்.

அனுமதியும் பயணமும்

சிங்கராஜாவும் கன்னெலியவும் வனத் திணைக்களத்துக்குக் கீழ வாறது, தேசிய பூங்காக்கள் வனஜீவராசிகள் திணைக்களத்துக்குக் கீழ. சும்மா பாக்கப் போறதெண்டா வாசலில டிக்கட் எடுத்து வழிகாட்டியோட போகலாம், அது பகலுக்கு மட்டும். தரவு எடுக்கிறது, இரவில உள்ள போறது, ஏதாவது மாதிரி எடுக்கிறது எல்லாத்துக்கும் எழுத்தில அனுமதி வேணும், அது கையில கிடைக்க மாசக்கணக்கா இழுபடலாம், ஆகவே முதலே விண்ணப்பியுங்க. அனுமதி வர முதல் "ஒருக்கா மட்டும்" எண்டு இரவில உள்ள போறவங்களோட சேராதீங்க.

சிங்கராஜாவோட குடாவ வாசலுக்குப் போறதெண்டா புறக்கோட்டையில பஸ் ஏறி இரத்தினபுரி, கலவானை, வெத்தாகல வழியா, பிட்டதெனிய வாசலுக்கெண்டா தெனியாய வழியா. சிங்கராஜா 1988இல உலக மரபுரிமை ஆன இடம், வருசம் முழுக்க மழை, மே தொடங்கி செப்டம்பர் வரைக்கும் தென்மேற்குப் பருவமழை கொட்டும். கொட்டுற மழையில பாம்பு பாக்கிறது கஷ்டம், ஆனா மழை விட்டு அரை மணித்தியாலம், பின்னேரம் இருட்டத் தொடங்குற நேரம், அதுதான் நல்ல நேரம், தவளையும் வெளிய வரும், தவளைக்குப் பின்னால பாம்பும் வரும்.

வெளிக்கிட முதல் இன்னொரு வேலை செய்யோணும். நீங்க நிக்கப் போற இடத்தில இருந்து கிட்ட இருக்கிற ஆஸ்பத்திரி எது, அங்க போக எவ்வளவு நேரம், எந்த இடத்தில போன் சிக்னல் கிடைக்கும், ஊருக்குள்ள யாரிட்ட வேன் அல்லது த்ரீவீல் இருக்கு எண்டு ஒரு பேப்பரில எழுதி ஆளுக்கொரு பிரதி பையில வையுங்க. 1990 இலவச அம்புலன்ஸ் நம்பரையும் எழுதுங்க. இத நான் கண்டிப்பாச் சொல்றதுக்குக் காரணம், ஒருக்கா எங்கட குழுவில ஒரு பிள்ளை மரவேரில இடறி விழுந்து கணுக்கால் பிசகின நேரம், பாம்பு கூட இல்ல, சும்மா கணுக்கால், சிக்னல் எங்க கிடைக்கும் எண்டே தெரியாம நாங்க முக்கால் மணித்தியாலம் மேடு பள்ளம் ஏறி இறங்கினம். அண்டைக்கு அது கடியா இருந்திருந்தா எண்டு நினைச்சு அந்த இரவு எனக்கு நித்திரை வரேல்ல.

என்ன போடுறது, என்ன கொண்டு போறது

கம்பூட்ஸ், முழங்காலுக்குக் கிட்ட வரைக்கும் வாற ரப்பர் பூட்ஸ். இது ஒண்டுக்குத்தான் காசு செலவழியுங்க, மத்ததெல்லாம் இரவல் வாங்கலாம். புறக்கோட்டை ஹார்ட்வெயார் கடைகளில கிடைக்கும், தடிச்ச சொக்ஸ் போட்டுப் பாத்து அளவு எடுங்க. கடிகளில பெரும்பகுதி பாதத்திலயும் கணுக்காலிலயும்தான் விழுறது, ஊர் ஆக்கள் பாட்டா செருப்போட இல்லாட்டி வெறுங்காலோட போறதாலதான் குனகட்டுவா அவ்வளவு பேரைக் கடிக்குது. அந்தச் சின்னப் பாம்போட பல்லுக்குத் தடிச்ச ரப்பர் பெரிய மறிப்பு. காலையில பூட்ஸ் போட முதல் தலைகீழாக் கவிழ்த்துத் தட்டோணும், ஒவ்வொரு நாளும்.

தடிச்ச துணியில தொளதொளத்த நீளக் காற்சட்டை, அட்டை சொக்ஸ், தலையில கட்டுற டோர்ச் ஒண்டு, கையில பிடிக்கிற டோர்ச் ஒண்டு, மேலதிக பட்டரி, விசில், ஈரம் புகாத பையில போன், ரெண்டு பெரிய க்ரேப் பண்டேஜ், பரசிட்டமோல். நோட்டுக்கு பென்சில் கொண்டு போங்க, ஈரக் கடதாசியில பேனை எழுதாது. நெஞ்சுயரப் பொல்லு ஒண்டு, அது பாம்பை அடிக்கவோ தள்ளவோ இல்ல, கால் வைக்க முதல் இலைக் குவியலைத் தட்டிப் பாக்க, விழுந்த மரத்தைக் கடக்க முதல் அங்கால பக்கம் தட்டிப் பாக்க. பாம்பு பிடிக்கிற கொக்கி கொண்டு போகாதீங்க. கையில கொக்கி இருந்தா அத பாவிக்கத் தோணும், அப்படித்தான் மனுச மனசு.

அட்டையைப் பத்தி ஒரு வார்த்தை. அட்டை ஆளைக் கொல்லாது, ஆனா அட்டை கடிச்ச ஆள் தரையைப் பாக்க மறக்கிறான். கால்ல ஏதோ ஊருது எண்டு உணர்ந்த உடன சடாரெண்டு பக்கத்து மரக்குத்தியில குந்தி, கையை இலைக்குள்ள ஊண்டி, சொக்ஸைக் கழட்டுறது, இதத்தான் குனகட்டுவா இருக்கிற காட்டில செய்யவே கூடாது. பாதை நடுவில, திறந்த இடத்தில, நிண்டபடியே எடுங்க. சொக்ஸுக்கு மேல சவர்க்காரம் பூசிக்கொண்டு போனா ஏறுறது குறையும்.

உள்ள நடக்கிறது

வரிசையா நடங்க, வழிகாட்டி முன்னுக்கு, ஆளுக்காள் ரெண்டு மீட்டர் இடைவெளி. முன்னால போறவர் தாண்டின இடம் பாதுகாப்பெண்டு நினைக்காதீங்க, ரெண்டாவது மூண்டாவது ஆளும் கடிபடலாம். மரத்தைப் பிடிச்சு ஏற வேண்டி வந்தா பிடிக்கப் போற இடத்துக்கு முதல்ல வெளிச்சம் அடிங்க. பாறை இடுக்கு, மரப்பொந்து, கவிண்டு கிடக்கிற மரத்துக்குக் கீழ, இங்கெல்லாம் கை போகவே கூடாது. ஒதுங்கப் போறதெண்டாலும் பூட்ஸும் டோர்ச்சும் இருக்கோணும், இத வெக்கப்படாமச் சொல்றன், ஏனெண்டா ஆக்கள் கவனம் விடுற நேரம் அதுதான்.

ஒரு சிங்களச் சொல்லு உங்களுக்கு நிச்சயமாத் தெரிஞ்சிருக்கோணும், "இன்ன". நில்லு எண்டு அர்த்தம். வழிகாட்டி "இன்ன, இன்ன" எண்டா தூக்கின காலைக் கூட கீழ வைக்காம அப்படியே நில்லுங்க, ஏன் எண்டு பிறகு கேளுங்க. குடாவப் பக்கம் எங்களோட வழமையா வாற ஐயா ஒருத்தர் ஒரு பின்னேரம் இப்படி "இன்ன" எண்டார், நான் நிண்டன். பொல்லால என்ர இடது பூட்ஸுக்கு முன்னால காட்டினார். இலை மட்டும்தான் தெரிஞ்சுது. ரெண்டு நிமிசம் பாத்திருப்பன், அந்த இலைக்குள்ள ஒரு மஞ்சள் புழு நெளியிறதக் கண்டன், சின்னதா, அரிசி மணி நீளத்தில, நெளிஞ்சு நிண்டு திரும்பவும் நெளியுது. அது புழு இல்ல, குனகட்டுவாவோட வால் நுனி. தவளை, அரணை எதையாவது கிட்டக் கூப்பிட அத அப்படி ஆட்டும். வாலைக் கண்ட பிறகுதான் உடம்பு தெரிஞ்சுது, உடம்பைக் கண்ட பிறகு தலை, தலை என்ர பூட்ஸைப் பாத்தபடி. நாங்க மெல்லப் பின்னுக்கு வந்தம், மூண்டு மீட்டரில நிண்டு நாப்பது நிமிசம் பாத்தம், அது வாலாட்டுறத நிப்பாட்டவே இல்ல.

அண்டையில இருந்து நான் பாம்பு வடிவத்தைத் தேடுறதில்ல. இலைகளுக்கு நடுவில ஒழுங்கான வளைவு ஒண்டு, கொடிக்குப் பொருந்தாத தடிப்பு ஒண்டு, அசையக் கூடாத இடத்தில அசைவு, இப்படித்தான் தேடுறது. இரவில சிலந்திக் கண் டோர்ச்சுக்குப் பொறிபொறியா மினுங்கும், பாம்புக் கண் அப்படிக் காட்டிக் கொடுக்காது.

கண்டாச்சு, இனி?

நில்லுங்க. ஒரு பாம்பைக் கண்டா அந்தச் சுத்துவட்டாரத்தில இன்னொண்டு இருக்கா எண்டு முதல்ல உங்கட காலடியைப் பாருங்க, பிறகு பின்னுக்குப் போங்க. குறைஞ்சது ரெண்டு மீட்டர், பெரிய பாம்பெண்டா அதோட நீளத்தைப் போல ரெண்டு மடங்கு. பச்சைக் குழிவிரியன் பாதைக்கு மேல இருந்தா அதுக்குக் கீழால குனிஞ்சு போகாதீங்க, சுத்திப் போங்க, இல்லாட்டித் திரும்பி வாங்க.

பாம்பு தன்னைப் பத்திச் சொல்லுது, நாங்கதான் கேக்கிறதில்ல. நாக்கு அடிக்கடி வெளிய வந்தா உங்களை உணர்ந்திட்டுது. சுருள் இறுகி, கழுத்து எஸ் மாதிரி மடிஞ்சு, தலை உங்கட பக்கம் திரும்பினா, வால் இலையில அடிச்சுச் சரசரத்தா, வாயைத் திறந்து காட்டினா, நாகம் படம் எடுத்தா, நீங்க கிட்ட வந்திட்டீங்க எண்டு அர்த்தம். பின்னுக்குப் போங்க, அது அடங்கும். அடங்கேல்லையெண்டா அந்த இடத்தை விட்டுப் போங்க.

ஃபோட்டோ எடுக்கிறவங்களுக்கு: ஆபத்து கேமராவில இல்ல, போனிலதான் கூட. போன் ஸ்கிரீனில பாம்பு சின்னதாத் தெரியும், தெரியிறதப் பெருசாக்க கை தன்பாட்டில முன்னுக்கு நீளும், கண் ஸ்கிரீனில இருக்கிறதால கைக்கும் பாம்புக்கும் எவ்வளவு தூரம் எண்டு தெரியாது. போனை நெஞ்சோட ஒட்டிப் பிடிங்க, ஸூம் பண்ணி எடுங்க, தரம் குறைஞ்சா குறையட்டும். கேமராவெண்டா தூரத்தில நிண்டு எடுக்கக்கூடிய லென்ஸ். படத்துக்காக இலையை விலக்கிறது, கொப்பை முறிக்கிறது, பாம்பை வெளிச்சத்துக்கு நகர்த்துறது எல்லாம் செய்யாதீங்க, நகர்த்தின பாம்போட படம் நகர்த்தின பாம்போட படம்தான், அது அங்க எப்படி இருந்தது எண்டதுக்கு அதில ஒரு சாட்சியும் இல்ல. ரெண்டு மூண்டு ஃபிளாஷ் போதும், பிறகு வெளிச்சத்தை மங்கலாக்கிட்டு சும்மா பாருங்க.

"இது விஷம் இல்லாதது" எண்டு சொல்லேக்க

இதில கொஞ்சம் நிண்டு எழுதோணும். முது கரவலாவைப் போலவே கறுப்பு வெள்ளை வளையத்தோட இன்னொரு பாம்பு அதே காட்டில இருக்கு, தார ரதனகயா, விஷத்தால ஆபத்தில்லாத ஓநாய்ப்பாம்பு வகை, அதுவும் இலங்கைக்கு மட்டும் உரியது. ரெண்டையும் பிரிச்சறிய முதுகு நடுச் செதில் எவ்வளவு பெருசு, செதிலில வரம்பு இருக்கா எண்டெல்லாம் பாக்கோணும், அத இரவில மழைக்குள்ள ரெண்டு மீட்டரில நிண்டு பாக்க ஏலாது. ஆகவே வளையம் போட்ட எந்தப் பாம்பும் கட்டுவிரியன்தான் எண்டு நினைச்சு நடந்துகொள்ளுங்க.

ஜோ ஸ்லோவின்ஸ்கி எண்டு ஒரு அமெரிக்க ஆய்வாளர், கலிஃபோர்னியா விஞ்ஞானக் கழகத்தில இருந்தவர், விஷப்பாம்புகளில உலக அளவில பேர் பெற்ற ஆள். 2001 செப்டம்பர் மாசம் மியன்மார் வடக்கில, ரோட்டே இல்லாத மலைக்காட்டில இருந்தார். பையில இருந்த சின்னப் பாம்பு கட்டுவிரியன் போல இருக்கிற விஷமில்லாத இனம் எண்டு அவருக்குச் சொல்லப்பட்டது, கையை உள்ள விட்டார், விரலில கடிச்சுது, அது உண்மையான கட்டுவிரியன். மூச்சு நிண்ட பிறகு கூட இருந்தவங்க மணித்தியாலக் கணக்கா மாறி மாறி வாயால மூச்சுக் குடுத்தாங்க, மழையில ஹெலிகொப்டர் வர ஏலேல்ல, அடுத்த நாள் அவர் இறந்துபோனார். 38 வயசு. இத நான் ஒவ்வொரு புதுக் குழுவுக்கும் சொல்லுவன், அவரைக் குறை சொல்றதுக்காக இல்ல, அவ்வளவு தெரிஞ்ச ஆளுக்கே பேரைப் பத்தின ஒரு பிழை போதுமா இருந்தது எண்டதுக்காக. பேரைப் பிழையாச் சொல்றதால யாரும் சாகிறதில்ல, அந்தப் பேரை நம்பிக் கை வைக்கேக்கதான்.

கடிச்சிட்டா

2012, 2013 காலத்தில நாடு முழுக்க வீடு வீடாப் போய்ச் செய்த ஆய்வில, ஒரு வருசத்தில கிட்டத்தட்ட 80,000 பேருக்குப் பாம்புக் கடி, அதில 30,000 பேரளவில விஷம் ஏறினவங்க, இறப்பு 400க்கு மேல எண்டு கணக்கு வந்தது. அதாவது கடிபட்ட பெரும்பாலான ஆக்கள் பிழைக்கிறாங்க, அவங்க பிழைக்கிறதில நேரத்துக்கு ஆஸ்பத்திரி போறதுக்குப் பெரிய பங்கிருக்கு.

பாம்பை விட்டு விலகி, ஆளை இருத்துங்க அல்லது படுக்க வையுங்க. மோதிரம், மணிக்கூடு, வளையல், பூட்ஸ், கால் கொலுசு எல்லாம் வீங்க முதல் கழட்டுங்க. நேரத்தை எழுதுங்க. கடிபட்ட கையையோ காலையோ ரெண்டு தடியோட சேத்து பண்டேஜால அசையாமக் கட்டுங்க, இறுக்கக் கூடாது. நடக்க விடாதீங்க, ரெண்டு பொல்லும் ரெண்டு சாரமும் இருந்தா தூக்குப் படுக்கை செய்யலாம், சாரத்துக்குள்ளால பொல்லை விட்டாச் சரி, இதக் கொழும்பிலயே ஒருக்கா செய்து ஒரு ஆளைத் தூக்கிப் பாருங்க. பாம்பைத் தேடி அடிக்கப் போகாதீங்க, தூரத்தில இருந்து ஒரு படம் எடுக்க ஏலுமெண்டா நல்லது, ஏலாட்டிப் பரவாயில்ல.

கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது, கயிறு கட்டக் கூடாது, ஐஸ் வைக்கக் கூடாது. வலிக்குப் பரசிட்டமோல் மட்டும், அஸ்பிரின், இபுபுரொஃபன் குடுத்தா ரத்தம் கசியிறது கூடும். ஊரில விஷகடி வைத்தியர் இருக்கிறார், கல்லு வச்சு எடுப்பார் எண்டு அன்போட சொல்லுவாங்க. எங்கட அம்மம்மா நயினாதீவு நாகபூசணிக்கு நேத்தி வச்சவ, எனக்கு அந்த நம்பிக்கையில மரியாதை இருக்கு, நேத்தியை ஆஸ்பத்திரி போன பிறகு வையுங்க.

வலி இல்லையெண்டு வீட்டில இருக்காதீங்க. கட்டுவிரியன் கடிச்சா வலியோ வீக்கமோ இல்லாம வயித்து வலி, பிறகு கண் இமை தூங்கி விழுறது, பிறகு விழுங்கக் கஷ்டம், இப்படி மெல்ல வரும். ஆஸ்பத்திரியில கொஞ்ச ரத்தத்தை ஒரு கண்ணாடிக் குழாயில விட்டு 20 நிமிசம் ஆடாம வச்சுட்டுச் சரிச்சுப் பாப்பாங்க, உறையாம ஓடினா விஷம் ரத்தத்தைத் தாக்கிட்டுது எண்டு அர்த்தம். குனகட்டுவாவுக்கும் பச்சைக் குழிவிரியனுக்கும் இங்க பாவிக்கிற விஷமுறிவு மருந்து வேலை செய்யாது, அது இந்தியாவில நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் எண்ட நாலுக்கும் செய்தது. அதாலதான் டொக்டரிட்ட எந்தப் பாம்பு எண்டு தெரிஞ்சதை மட்டும் சொல்லுங்க, தெரியாட்டித் தெரியாது எண்டு சொல்லுங்க, ஊகத்தைச் சொல்லாதீங்க. மருந்து இல்லையெண்டா சிகிச்சையே இல்ல எண்டில்ல, ரத்தம், சிறுநீர், காயம் எல்லாத்தையும் நாள்கணக்காக் கவனிக்கிறதுதான் அங்க சிகிச்சை.

படுக்கிற இடத்துக்கும் ஒண்டு சொல்லோணும், தரையில பாய் விரிச்சுப் படுக்காதீங்க, கட்டில், அதுக்கு மேல நுளம்பு வலை, வலையோட ஓரத்தை மெத்தைக்குக் கீழ செருகுங்க. நாளைக்கு உலர்வலயத்துக்குப் போனாலும் இந்தப் பழக்கம் உதவும், அங்க தெல் கரவலா தரையில நித்திரை கொள்ளுறவங்களைத்தான் கடிக்கிறது.

எழுதி வையுங்க

பாத்துட்டு வாறது பாதி வேலை. அண்டைக்கே, சாப்பிட முதல், நேரம், இடம், மழை, வெப்பம், தரையிலா கொடியிலா, எத்தனை உயரம், தலை எந்தப் பக்கம், என்ன செய்தது, எவ்வளவு தூரத்தில நிண்டு பாத்தீங்க எண்டு எழுதுங்க. இனம் நிச்சயமில்லையெண்டா கேள்விக்குறி போடுங்க, அது கௌரவக் குறைவில்ல. சரியான இடக்குறியைப் பொதுவில போடாதீங்க, நம்மட நாட்டுக்கு மட்டும் உரிய பச்சைக் குழிவிரியனைத் தேடிப் பிடிச்சு விக்கிற ஆக்களும் அதையே பாக்கிறாங்க. ஐநேச்சுரலிஸ்ட் எண்ட, உயிரினங்களைக் கண்டதப் பதியிற இணையத்தளத்தில போடுறதெண்டா இடத்தை மறைக்கிற வசதியைப் பாவியுங்க.

மாதிரிக்கு என்ர நோட்டில இருந்து ஒண்டு, போன மழைக்காலத்தில எழுதினது: "பின்னேரம் 6.52. மழை விட்டு 20 நிமிசம். ஓடைக் கரை, பச்சைக் குழிவிரியன், பெருசு. கொடியில, தரையில இருந்து 1.1 மீட்டர், தலை தண்ணிப் பக்கம். 3 மீட்டரில நிண்டம். நாடிக்குக் கீழ ஒரு துளி தண்ணி தொங்கிக்கொண்டு இருக்கு, விழேல்ல. 7.20 நாக்கு ஒருக்கா. 7.41 துளி விழுந்தது, பாம்பு அசையேல்ல. 8.05 நாங்க வெளிக்கிட்டம், அது அங்கயே."